மதிப்பெண் தாள்

ஓலு நகரத்தில் ஜனவரி.
மதியச் சாப்பாட்டுக்கு வந்து
கை கழுவியதும் கிளம்பிவிடுகிற விருந்தாளி, பகல்.
அவசர அழைப்பு மையத்தின் மேல்மாடியில்
முடிந்துபோன அழைப்புகளைத்
திரும்பக் கேட்பது என் வேலை.
யாரோ ஒருவர் வாழ்வின் ஆக மோசமான ஏழு நிமிடங்களைக்
காதில் மாட்டிக்கொண்டு,
காபியை ஆறவிட்டு,
மூன்று கட்டங்களில் எண் இடவேண்டும்:
பரிவு. பேச்சு. தெளிவு.
ஒன்றிலிருந்து ஐந்துவரை.

தூரெயை எல்லோருக்கும் பிடிக்கும்.
காவலாளியின் மகள் பிறந்தநாள்கூட நினைவிருக்கும்.
அவன் குரலுக்கு மட்டும் இந்த ஊரில் குளிர் தெரியாது.
"நான் லைன்லயேதான் இருக்கேன்" என்பான்,
அந்தப் பக்கம் ஒரு மூச்சு இறங்குவது கேட்கும்.
என் கை தானாக எழுதும்: ஐந்து, ஐந்து.

இல்போவுக்கு ரயில் அட்டவணையின் குரல்.
உணவறையில் சுவரைப் பார்த்தபடி
கம்பு ரொட்டி மெல்லுவான்.
"எப்படி இருக்கே?" என்று ஒருநாள் கேட்டேன்.
"எதுல?" என்றான்.

பன்னிரண்டாம் தேதி இரவு.
ஏரியில் பனித்தளம் உடைந்து தம்பி உள்ளே;
கரைப் பக்கம் அண்ணன்.
சொல் இல்லை, வெறும் கத்தல்.
"எத்தனை மீட்டர்?"
கத்தல்.
"எத்தனை மீட்டர்?"
கத்தல்.
மூன்றாம் முறையும் குரல் ஒரு மயிரிழை ஏறவில்லை:
"உனக்கும் அவனுக்கும் எத்தனை மீட்டர்?"
"...அஞ்சு."
"குப்புறப் படு. கால்ல என்ன?"
"பனிச்சறுக்குக் கட்டை."
"கழற்று. நீட்டிப் பிடி. ஊர்ந்து போ. எண்ணிக்கிட்டே போ, எனக்குக் கேட்கணும்."
பதினொரு நிமிடம்.
ஆறுதலாக ஓர் அசைகூட இல்லை.
பரிவுக் கட்டத்தில் நான் எழுதியது: ஒன்று.

மார்ச்சில் அண்ணனின் கடிதம் வந்தது.
"அவர் தேற்றியிருந்தால்
அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.
பிடித்துக்கொள்ள எண்கள் தந்தார்.
தம்பி நடக்கிறான். இரண்டு விரல் போயிற்று."

அதன் பிறகுதான் தூரெயின் பழைய அழைப்பு ஒன்றை
மறுபடி எடுத்தேன்.
தனியே இருக்கும் ஒரு பெண். லேசாகத் தலைசுற்றல்.
இப்போதுதான் விறகடுப்பை மூடினாளாம்.
அவன் எதையோ சொல்ல, அவள் சிரிக்கிறாள்.
"என் நாயைப் பாருங்க, கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேங்குது, சோம்பேறி."
அவனும் சிரிக்கிறான்.
முதல்முறை கேட்டபோது நானும் சிரித்திருக்கிறேன்.
தாளில் என் கையெழுத்தில்
பதினைந்துக்குப் பதினைந்து.

ஏணி இரவல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர்
கதவை உடைத்ததால் அவள் பிழைத்தாள்.
நாய் சோம்பேறி இல்லை.

கூட்டத்தில் அந்த அழைப்பைப் போட்டார்கள்.
தூரெ அழுதான்.
எழுந்து போய் எல்லோரும் அவன் தோளைத் தொட்டார்கள்,
நானும்.
இல்போ மட்டும் உட்கார்ந்தபடி
"அடுப்புன்னு சொன்னதுமே கேட்டிருக்கணும்" என்றான்.
உண்மைதான்.
யாரும் அவனைப் பார்க்கவில்லை.

அன்று மாலை அண்ணனின் கடிதத்தை அவனிடம் கொடுத்தேன்.
படித்தான். நாலாக மடித்தான்.
"ஒரே கேள்வியை மூணு தடவை கேட்டேன்.
நாப்பது விநாடி வீண்.
அந்த விரல்கள் அதுலதான் போயிருக்கும்."
அட்டவணை படிக்கிற அதே குரல்.

இரவு வண்டி நிறுத்தத்தில்
அவன் கார் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.
விளக்கில்லை. கண்ணாடியில் பனி படிந்து
உள்ளே ஓர் ஆள் கலங்கலாக.
ஐந்து நிமிடம், இருபது, நாற்பது.
மேல்மாடி ஜன்னலில்
காதில் பென்சிலுடன் நான்.
போய் என்ன பேசுவது?

தூரெ போனான்.
கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல்,
வழுக்கிச் சமாளித்து,
கண்ணாடியை விரல்முட்டியால் தட்டினான்.
கதவு திறந்தபோது
உள்விளக்கு ஒரு கணம் எரிந்தது.
பிறகு இருட்டில் இரண்டு தலைகள்.
என்ன பேசினார்களோ.
அது பதிவாகவில்லை.